திருச்சிராப்பள்ளிப் பிரகடனம்

திருச்சிராப்பள்ளிப் பிரகடனம் என்பது 1801 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆம் நாள் சிவகங்கைச் சீமையை ஆண்ட சின்ன மருது வெளியிட்ட அரசியல் அறிவிப்பு ஆகும். திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் இருந்த ஆற்காட்டு நவாபின் அரண்மனை வாயிலிலும், காவிரியின் வடகரையில் உள்ள திருவரங்கம் அரங்கநாதர் கோயில் மதிலிலும் இது ஒட்டப்பட்டது. ஜம்புத்தீவு பிரகடனம், ஜம்புத்வீப பிரகடனம், ஸ்ரீரங்கம் அறிக்கை ஆகிய பெயர்களாலும் இது குறிப்பிடப்படுகிறது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியையும், அதற்கு இடங்கொடுத்த நவாபையும், அதை எதிர்க்காது பிரிந்து நின்ற மக்களையும் ஒருசேரக் குற்றஞ்சாட்டும் இவ்வறிக்கை, சாதி சமய வேறுபாடின்றி அனைவரும் ஆயுதம் ஏந்த வேண்டும் என அழைப்பு விடுத்தது. தென்னிந்தியக் கிளர்ச்சி எனப்படும் 1800-1801 போரின் முதன்மையான ஆவணம் இதுவே.

பின்னணி

இவ்வறிக்கையின் முதற் குற்றச்சாட்டு, நவாப் முகம்மது அலி அறிவின்றி ஐரோப்பியருக்கு இந்நாட்டில் இடங்கொடுத்துவிட்டார் என்பதாகும். அந்த இடங்கொடுத்தல் நிகழ்ந்த ஊர் திருச்சிராப்பள்ளியே. 1751 இல் ஆற்காட்டு நவாப் பதவிக்காக முகம்மது அலிக்கும் சந்தா சாகிபுக்கும் இடையில் நடைபெற்ற போட்டியில், முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்டார். சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை நின்றனர். முகம்மது அலி ஆங்கிலக் கம்பெனியின் உதவியை நாடினார். இம்முற்றுகையின் அழுத்தத்தைக் குறைக்கவே இராபர்ட் கிளைவ் ஆற்காட்டைக் கைப்பற்றினார். 1752 இல் பிரெஞ்சுத் தளபதி லா தம் படையுடன் திருவரங்கத் தீவுக்குப் பின்வாங்கி, கோயில் மதில்களையே அரணாகக் கொண்டிருந்து, ஜூன் மாதம் சரணடைந்தார். சந்தா சாகிபு தஞ்சைப் படைத்தலைவரிடம் அடைக்கலம் புகுந்து கொல்லப்பட்டார். முகம்மது அலியின் நவாப் பதவி கம்பெனியின் துப்பாக்கிகளால் நிலைபெற்றது. அறிக்கை ஒட்டப்பட்ட இரு சுவர்களும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்நிகழ்வுகளைக் கண்ட சுவர்களாகும். இடங்களைத் தேர்ந்தவர்கள் இதை நினைத்தே தேர்ந்தனரா என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. அன்றைய முதியவர்கள் பலருக்கு இது வாழ்நாள் நினைவாகவே இருந்திருக்கும்.

போர்ச் செலவு நவாபின் கணக்கில் கடனாக எழுதப்பட்டது. கம்பெனிக்குப் பட்ட கடனை அடைக்க, கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் உயர்ந்த வட்டிக்குக் கடன் வாங்கினார் முகம்மது அலி. அதற்கு ஈடாக ஊர்களின் வரி வருவாய் கடன்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. வரியை வசூலிக்க மீண்டும் கம்பெனிப் படையே அனுப்பப்பட்டது. அதற்கான செலவு மீண்டும் கடனில் சேர்ந்தது. இவ்வூழல் இலண்டன் வரை நாறியது. 1785 பிப்ரவரியில் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்டு பர்க், ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றி ஆற்றிய நெடிய உரையில், கடன்காரர்களின் கோரிக்கையை விசாரணையின்றி ஏற்ற அமைச்சரவையைக் கடுமையாகச் சாடினார். ஆயினும் கடன் செல்லுபடியாயிற்று. அதைக் கட்டியவர்கள் காவிரி, வைகை, தாமிரபரணிக் கரைகளின் உழவர்கள்.

1792 இல் செய்யப்பட்ட கர்நாடக உடன்படிக்கையின்படி, பாளையக்காரர்களிடம் கப்பம் பெறும் உரிமை நவாபிடமிருந்து நேரடியாகக் கம்பெனிக்குச் சென்றது. இதன்பின் தென்னாட்டில் மோதல்கள் அடுத்தடுத்து எழுந்தன. 1795 இல் இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதி பதவி நீக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். 1799 அக்டோபரில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி தம் நாட்டின் ஆட்சிப் பொறுப்பைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்.

சிவகங்கையின் பகை இதனினும் பழமையானது. 1772 இல் நவாபின் படையும் கம்பெனியின் படையும் காளையார்கோயிலைத் தாக்கியபோது மன்னர் முத்துவடுகநாதத் தேவர் கொல்லப்பட்டார். அரசி வேலு நாச்சியாரும் மருது சகோதரர்களும் திண்டுக்கல் அருகே விருப்பாச்சியில் அடைக்கலம் புகுந்தனர். ஐதர் அலியின் உதவியுடன் 1780 இல் சிவகங்கை மீட்கப்பட்டது. அதன்பின் நாட்டின் நடைமுறை அதிகாரம் பெரிய மருது, சின்ன மருது ஆகிய இருவரிடமும் இருந்தது. சின்ன மருதுவுடன் பழகிய கம்பெனிப் படை அதிகாரி சேம்சு வெல்சு பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில், சிறுவயலில் இருந்த அவருடைய மாளிகைக்குக் காவல் இல்லை என்றும், விரும்பிய எவரும் உள்ளே சென்று வரலாம் என்றும் வியப்புடன் பதிவு செய்துள்ளார். தமக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்பித்தவர் சின்ன மருதுவே என்றும் அவர் எழுதியுள்ளார். அதே வெல்சு பின்னர் மருதுவுக்கு எதிரான படையில் பணியாற்றினார்.

1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களில் மீண்டும் எழுப்பப்பட்டது. மே 24 அன்று கர்னல் அக்னியூவின் படை அதைக் கைப்பற்றியது. காயமுற்றுத் தப்பிய ஊமைத்துரைக்குச் சின்ன மருது அடைக்கலம் அளித்தார். அதனால் போர் சிவகங்கைக்கு வந்தது. அடுத்த சில வாரங்களுக்குள் பிரகடனம் வெளியாயிற்று.

ஒட்டப்பட்ட முறை

தமிழகத்தில் அக்காலத்தில் அச்சுக்கூடங்கள் பெரும்பாலும் கிறித்தவ மறைப்பணியாளரிடமும் அரசிடமுமே இருந்தன. இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்தும் உரிமை 1835 இல்தான் கிடைத்தது. ஆகவே இவ்வறிக்கை கையால் எழுதப்பட்டு ஒட்டப்பட்டது. படிப்பவர் ஒவ்வொருவரும் அதைப் படியெடுத்துப் பிறருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற வேண்டுகோளும் அறிக்கையிலேயே இடம்பெற்றுள்ளது. அச்சு இல்லாத நாட்டில் செய்தியைப் பரப்புவதற்கு இருந்த வழி இதுவே.

இரு இடங்களும் இரு வகை மக்களை நோக்கியவை. கோட்டை, நவாபின் அலுவலரும் கம்பெனியின் சிப்பாய்களும் நடமாடும் இடம். திருவரங்கமோ பல நாட்டு அடியார்கள் வந்து செல்லும் தலம். ஊருக்குத் தெரிய வேண்டியதைக் கோயிற் சுவரில் எழுதுவது தமிழகத்தில் பழைய வழக்கம். திருவரங்கம் கோயிலில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை அரசரின் கொடைகளைச் சொல்பவை. அரசாள்வோரை நோக்கிய கண்டனம் ஒன்று அச்சுவரில் இடம்பெற்றது அரிய நிகழ்வு எனலாம். இன்று கோயிலின் அடையாளமாக விளங்கும் தெற்கு இராசகோபுரம் அப்போது நிறைவுறாத அடித்தளமாகவே நின்றது. அது 1987 இல்தான் கட்டி முடிக்கப்பட்டது.

உள்ளடக்கம்

அறிக்கை ஜம்புத்தீவில் வாழும் பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள் ஆகிய அனைவரையும் விளித்துத் தொடங்குகிறது. ஜம்புத்தீவு என்பது இந்தியத் துணைக்கண்டத்தைக் குறிக்கும் புராணப் பெயராகும். கோயில்களிலும் இல்லங்களிலும் சடங்கின் தொடக்கத்தில் இடமும் காலமும் கூறும் சங்கற்பத்தில் இச்சொல் இன்றும் ஒலிக்கிறது. எனவே எழுத்தறியாதவருக்கும் அது அறிமுகமான சொல்லே. திருவரங்கத்தை அடுத்த திருவானைக்காவின் மறுபெயரான சம்புகேசுவரத்தை இதனுடன் குழப்பிக் கொள்ளுதல் கூடாது. நால்வருணத்துடன் முசுலிம்களையும் சேர்த்து விளித்தமை அக்காலத்திற்குப் புதுமையானது. அதே வேளையில், வருணத்திற்கு வெளியே வைக்கப்பட்டிருந்த மக்கள் இத்தொடக்க விளிப்பில் தனியே குறிக்கப்படவில்லை என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

அடுத்து வருவது குற்றப்பட்டியல். நவாப் ஐரோப்பியருக்கு இடங்கொடுத்ததால் கைம்பெண்ணைப் போன்ற நிலைக்கு ஆளானார் எனக் கூறப்படுகிறது. ஐரோப்பியர் கொடுத்த வாக்கை மீறி, வஞ்சகத்தால் நாட்டைத் தமதாக்கிக் கொண்டனர்; குடிமக்களை நாய்களாக எண்ணி ஆள்கின்றனர் எனத் தொடர்கிறது. இவர்களது ஆட்சியில் மக்கள் வறியவராயினர், உண்ணும் சோறும் நீராகிவிட்டது என்று அன்றாட வாழ்வின் மொழியில் பொருளாதாரக் கண்டனம் வைக்கப்படுகிறது.

ஆயினும் அறிக்கையின் சினம் அன்னியரோடு நிற்கவில்லை. மக்களிடையே ஒற்றுமையும் நட்பும் இல்லாமையாலும், ஒருவரை ஒருவர் பழித்துக் கொண்டமையாலும் நாடு அயலாரிடம் போயிற்று என்கிறது அது. துன்பத்தை நேரே அனுபவித்தும் அதன் காரணத்தை அறியாதிருக்கின்றனர் என மக்களையே கடிந்து கொள்கிறது. பொறுப்பை முதலில் நவாபிடமும், பின்னர் கம்பெனியிடமும், இறுதியில் படிப்பவரிடமும் வைக்கும் இவ்வரிசையே இவ்வாவணத்தை வழக்கமான போர் அறைகூவல்களிலிருந்து வேறுபடுத்துகிறது.

பரிகாரமாக அறிக்கை முன்வைப்பது பழைய உரிமைகளின் மீட்பே. ஆற்காடு நவாபுக்கும், பிற நாடுகள் அவற்றின் பரம்பரை ஆட்சியாளருக்கும் திரும்ப வேண்டும். நாட்டு வழக்கங்கள் மீறப்படலாகாது. நவாபைக் குற்றவாளியாக நிறுத்திய அதே தாள் அவருக்கு ஆற்காட்டைத் திருப்பித் தர முன்வருவது முரணாகத் தோன்றலாம். அறிக்கையை எழுதியோரின் நோக்கில் நவாபின் குற்றம் அவர் ஆண்டது அன்று, ஆளும் பொறுப்பைப் பிறரிடம் விட்டதேயாகும் எனக் கொண்டால் இம்முரண் நீங்குகிறது.

பின்னர், கம்பெனியின் படையில் பணிபுரியும் சுபேதார், சமேதார், அவில்தார், நாயக், சிப்பாய் ஆகியோர் நேரடியாக விளிக்கப்படுகின்றனர். மீசை வைத்துள்ள ஒவ்வொருவரும் தம் வீரத்தைக் காட்ட வேண்டும். ஐரோப்பியரைக் கண்ட இடத்தில் அழிக்க வேண்டும் என்கிறது அறிக்கை. இது ஒளிவுமறைவற்ற கொலை அழைப்பாகும். அறிக்கையைப் புகழ்வோர் பலர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 1806 சூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, அதன் காரணங்களுள் ஒன்று, சமயக் குறிகளையும் தாடியையும் தடை செய்து மீசையைத் திருத்தச் சொன்ன கம்பெனி ஆணையாகும்.

இணங்காதவர்களுக்கு எதிரான சாபங்கள் மிகக் கடுமையானவை. அன்னியருக்கு ஊழியம் செய்பவனுக்கு மறுமையில் இன்பமில்லை. அவனுடைய மீசை மதிப்பிழக்கும். உண்ணும் உணவு சுவையும் சத்தும் இழக்கும். ஒட்டிய தாளைச் சுவரிலிருந்து அகற்றுபவன் ஐம்பெரும் பாதகங்களைச் செய்தவனாவான். இந்துவாயின் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவமும், முசுலிமாயின் பன்றியின் குருதியைக் குடித்த பாவமும் சேரும் என்று இரு சமயத்தாருக்கும் தனித்தனியே ஆணை வைக்கப்படுகிறது. தானக் கல்வெட்டுகளின் இறுதியில் வரும் ஓம்படைக் கிளவியை அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று.

திருவரங்கத்தில் வாழும் அர்ச்சகர்களுக்கும் பெரியோர்களுக்கும் தனியே ஒரு பகுதி உள்ளது. அதில் மருது பாண்டியன் அவர்களின் அடிபணிந்து, கோட்டைகளையும் கோயில்களையும் காத்த அரசரும் மக்களும் இன்று வறுமையில் வீழ்ந்திருப்பதைக் கூறி, தமக்கு ஆசி வழங்குமாறு வேண்டுகிறார். இறுதியில் அவர் தம்மைப் பேரரசர்களின் ஊழியன் என்றும் ஐரோப்பியரின் மன்னிப்பறியாப் பகைவன் என்றும் குறிப்பிட்டுக் கையொப்பமிடுகிறார்.

ஆய்வாளர் இன்று பெரிதும் பயன்படுத்துவது கம்பெனி அரசின் ஆவணங்களில் உள்ள ஆங்கில மொழிபெயர்ப்பையே. தமிழில் தற்போது வழங்கும் வடிவங்கள் அதிலிருந்து மீண்டும் மொழிபெயர்க்கப்பட்டவை. ஆகவே சொல்லுக்குச் சொல் பொருள் கொள்வதில் எச்சரிக்கை தேவை.

விளைவுகள்

அறிக்கையைத் தொடர்ந்து சின்ன மருதுவின் பின் ஏறத்தாழ 20,000 பேர் திரண்டனர். திண்டுக்கல், இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிக் கிளர்ச்சியாளரும் இணைந்தனர். கம்பெனி வங்காளம், இலங்கை, மலேயா ஆகிய இடங்களிலிருந்து துணைப்படைகளை வரவழைத்தது. புதுக்கோட்டை, எட்டயபுரம், தஞ்சாவூர் ஆட்சியாளர்கள் கம்பெனியின் பக்கம் நின்றனர். ஒற்றுமையின்மை பற்றிய அறிக்கையின் கண்டனம் அறிக்கை வெளிவந்த சில வாரங்களிலேயே மெய்யாயிற்று.

நவாபின் முடிவும் விரைந்து வந்தது. அறிக்கையில் பெயர் சுட்டப்பட்ட முகம்மது அலி 1795 இலேயே இறந்துவிட்டார். அவரது உடல் திருச்சிராப்பள்ளியில் அடக்கம் செய்யப்பட்டது. மகன் உம்தத்துல் உமரா 1801 சூலை 15 அன்று, அதாவது அறிக்கை வெளியான ஒரு மாதத்திற்குள் இறந்தார். கம்பெனி அவருடைய மகனை ஒதுக்கிவிட்டு, அசீமுத் தவ்லாவை நவாபாக்கி, சூலை 31 அன்று ஓர் உடன்படிக்கை செய்து கொண்டது. அதன்படி கர்நாடகத்தின் முழு ஆட்சியும் கம்பெனிக்குச் சென்றது. நவாபுக்கு வருவாயில் ஒரு பங்கு மட்டும் எஞ்சியது. ஐரோப்பியர் நாட்டைத் தமதாக்கிக் கொண்டனர் என ஜூன் மாதம் அரண்மனை வாயிலில் ஒட்டப்பட்ட குற்றச்சாட்டு, சூலை இறுதியில் சட்டப்படியான உண்மையாகிவிட்டது.

காளையார்கோயிலை அடையச் சிறுவயலிலிருந்து அடர்ந்த காட்டை வெட்டிப் பாதை அமைக்கக் கம்பெனிப் படை ஏறத்தாழ ஒரு மாதம் முயன்று, இறுதியில் அம்முயற்சியைக் கைவிட்டது. இதனிடையே, சிவகங்கை அரச குடும்பத்துடன் தொடர்புடைய படமாத்தூர் கௌரி வல்லப ஒய்யத் தேவரைச் சோழபுரத்தில் சமீன்தாராக அறிவித்தது. மருதிருவர் முறைப்படியான அரசர் அல்லர் என்ற பரப்புரைக்கு இந்நியமனம் துணை நின்றது. ஆதரவாளர் பலர் விலகினர். அக்டோபர் 1 அன்று வேறு வழிகளில் தாக்கிக் காளையார்கோயில் கைப்பற்றப்பட்டது. அக்டோபர் 24 அன்று திருப்பத்தூர்க் கோட்டையில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். இத்திருப்பத்தூர் இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. வடதமிழகத்திலுள்ள அதே பெயருடைய மாவட்டத் தலைநகர் அன்று. ஊமைத்துரையும் செவத்தையாவும் நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியில் கொல்லப்பட்டனர்.

1801 திசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ், பாளையங்களில் ஆயுதங்களைத் தடை செய்து அறிக்கை வெளியிட்டார். இவர் இராபர்ட் கிளைவின் மகனாவார். தந்தை ஆற்காட்டில் தொடங்கியது மகனின் கையொப்பத்துடன் நிறைவுற்றது. 1803 இல் பாளையங்கள் நிலையான வரி செலுத்தும் சமீன்களாக மாற்றப்பட்டன.

கிளர்ச்சியாளருள் 73 பேர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். அவர்களுள் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ பதினைந்து. தூத்துக்குடியில் காவற் பொறுப்பிலிருந்த வெல்சு, அவருடைய விலங்குகளைத் தளர்த்தியதைத் தவிர வேறெதுவும் செய்ய இயலவில்லை என எழுதுகிறார். 1818 இல் பினாங்கு சென்ற வெல்சைக் காண முதுமைத் தோற்றமுடைய ஒருவர் வந்து நின்றார். பெயரைச் சொன்ன பின்னரே அவர் துரைசாமி என வெல்சுக்குத் தெரிந்தது. துரைசாமிக்கு அப்போது முப்பது வயது அளவில்தான் இருக்கும்.

மதிப்பீடு

வரலாற்றாசிரியர் கே. இராசய்யன் 1971 இல் வெளியிட்ட நூலில் 1800-1801 கிளர்ச்சியை முதல் இந்திய விடுதலைப் போர் என வரையறுத்து, இவ்வறிக்கையைப் பொதுக் கவனத்திற்குக் கொண்டு வந்தார். 1857 க்கு முன்பே நாடு தழுவிய அழைப்பு தெற்கிலிருந்து எழுந்தது என்பது அவரது வாதம். இதை ஏற்காதோர், பரம்பரை உரிமைகளை மீட்கக் கோரும் ஓர் ஆவணத்தைத் தேசியம் என்ற பிற்காலக் கருத்தால் அளப்பது பொருந்தாது என்பர். இரு தரப்பும் தத்தம் சான்றை இந்த ஒரே தாளிலிருந்து எடுக்க முடிகிறது. குடிகள் ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணம் அறிக்கையில் இல்லை. ஆனால் ஆட்சியாளர் தம் செயலுக்குக் குடிகள் முன் விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்ற எண்ணம் தெளிவாக உள்ளது. பொதுச் சுவரில் அது எழுதப்பட்டதன் பொருளும் அதுவே.

நினைவு

தமிழ்நாட்டு அரசின் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலில் இப்பிரகடனம் பாடமாக இடம்பெற்றுள்ளது. திருப்பத்தூரில் மருது பாண்டியர் நினைவு மண்டபம் உள்ளது. அவர்களது சமாதிகள் காளையார்கோயிலில் உள்ளன. ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் இவ்விரு ஊர்களிலும் நினைவு நிகழ்வுகள் நடைபெறுகின்றன. இந்திய அஞ்சல் துறை 2004 அக்டோபரில் மருது சகோதரர்களின் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.